தாழம்பூவின் சாட்சி

திருவண்ணாமலையில் குடியிருப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. உலகத்தைப் பார்க்க அவன் ஊர் ஊராய் அலைய வேண்டியதில்லை. உலகமே இங்கு வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மலையைச் சுற்றுகிறது. செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, நான் தினமும் காப்பி குடிக்கிற கடையின் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் போதும். பாரிஸ் நகரத்துச் சீமாட்டியும் பண்ருட்டிப் பலாப்பழ வியாபாரியும் ஒரே தட்டிலிருந்து மெதுவடை எடுப்பதைப் பார்க்கலாம்.

அந்தப் பெஞ்சில், 2025-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், மழை விட்ட ஒரு காலை வேளையில் நடந்த பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பேசியவர்கள் மூவர். ஒருவர் அமெரிக்கர், ஆண்டில் ஆறு மாதம் இங்கே வாடகைக்கு வீடு பிடித்து இருக்கிறவர், இளமையில் ஏதோ ஒரு சிற்றூர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தாராம். மற்றவர் நம்மவர், சர்க்கார் உத்தியோகத்தில் பெரிய பதவி வரை போய் ஓய்வு பெற்றவர், நாள் தவறாமல் இரண்டு பத்திரிகை படிப்பவர். மூன்றாமவர் கடைக்காரர். அவருக்குப் பேச நேரம் கிடையாது. அன்று பேசினார்.

அமெரிக்கர் தம் நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லி வருத்தப்பட்டார். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பென்டகன் என்கிற ராணுவத் தலைமைக் காரியாலயத்தில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து செய்தி எழுதிக்கொண்டிருந்த நிருபர்கள், அக்டோபர் 15-ஆம் தேதி தங்கள் அனுமதி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள் என்றார்.

நம்மவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"இதிலே வருத்தப்பட என்ன இருக்கு? பட்டாளத்து ஆபீசிலே பத்திரிகைக்காரனுக்கு என்ன ஜோலி? நாலு பேர் வாயை மூடினாத்தான் நாடு உருப்படும். நம்ம ஊரிலேயும் இப்படித்தான் செய்யணும்."

அப்போதுதான் கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க எழுதறவரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எம் பையன் விடியறதுக்கு முன்னாலேயே எழுந்து மலையைச் சுத்தி ஓடறான். பட்டாளத்துலே சேரணுமாம். நாலு வருஷம்தான் வச்சுக்குவாங்க, அப்புறம் நாலு பேர்லே மூணு பேரை வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்றாங்க. அதுக்கப்புறம் அவன் என்னா பண்ணுவான்? இதை யாரைப் போய்க் கேக்கறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கடைக்காரர் சொன்னதை அமெரிக்கருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் எங்கள் ஆட்கள் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் என்னைத் தொடர்ந்து வந்தது. பத்திரிகைக்காரனுக்கு வாசல் அடைப்பது ஒரு செய்தி. பட்ஜெட் இன்னொரு செய்தி. ராணுவம் மூன்றாவது செய்தி என்று நாம் மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் படிக்கிறோம். கடைக்காரருக்கோ மூன்றும் ஒன்றுதான். அவருடைய வரிப்பணம், அவருடைய பிள்ளை, இரண்டைப் பற்றியும் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை வெளியே தள்ளிவிட்டால் பணமும் பிள்ளையும் கேட்பாரற்றவையாகின்றன.

அமெரிக்காவில் நடந்தது என்ன? அனுமதி இல்லாத தகவலை, அது ரகசியம் என்று முத்திரை குத்தப்படாததாக இருந்தாலும், உத்தியோகஸ்தர்களிடம் கேட்டு வாங்க முயலும் நிருபரை நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருதி அட்டையைப் பறிக்கலாம் என்பது புதிய விதியின் சாரம். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வெளியே போ! ஏறக்குறைய எல்லாப் பெரிய பத்திரிகைகளும் கையெழுத்துப் போட மறுத்தன. ஜனாதிபதி டிரம்புக்கு வேண்டியது என்று பெயரெடுத்த பாக்ஸ் நியூஸ் நிறுவனமும் மறுத்தது. விதியை ஒப்புக்கொண்ட வேறு சிலரைக் கொண்டு புதியதொரு நிருபர் கூட்டத்தை ராணுவ இலாகா அறிவித்தது.

இந்த இலாகாவின் கணக்கு எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி டாலரை நெருங்கிச் செலவழிக்கிற இலாகா. 2018-இல்தான் முதன்முறையாக முழுத் தணிக்கைக்கு உட்பட்டது. அன்றுமுதல் 2024 வரை நடந்த ஏழு தணிக்கைகளில் ஒன்றிலாவது தேறவில்லை. கணக்குச் சரியில்லாத வீட்டில்தான் வந்தவனை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவார்கள். 2025 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. பொது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அந்தக் காங்கிரஸே திரும்ப எடுத்துக்கொண்டது. வாசலை அடைத்து ஒருவனை வாயடைக்கலாம். பணத்தை நிறுத்தி இன்னொருவனை வாயடைக்கலாம்.

அமெரிக்காவைப் பார்த்து நாம் உச்சுக்கொட்ட வேண்டியதில்லை. நம் வீட்டு வாசல் எப்படி இருக்கிறது?

டில்லியில் நிதி இலாகா இருந்த நார்த் பிளாக் கட்டடத்துக்குள், சர்க்கார் கொடுத்த அடையாள அட்டை உள்ள நிருபர்கள் முன்பெல்லாம் சுதந்திரமாகப் போய் வருவார்கள். பட்ஜெட் தயாரிக்கும் சில வாரங்கள் மட்டும் தடை இருக்கும். 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் தம் முதல் பட்ஜெட்டை வாசித்து முடித்த பிறகும் தடை நீங்கவில்லை. அட்டை இருந்தாலும், ஓர் அதிகாரி முன்கூட்டியே நேரம் கொடுத்தால்தான் உள்ளே போகலாம் என்றார்கள். பத்திரிகை ஆசிரியர்களின் சங்கம் கண்டித்தது. இலாகாவோ, 'தடை இல்லை, ஒழுங்குதான் செய்திருக்கிறோம்' என்று விளக்கம் சொன்னது. நான் கேட்கிறேன்: எந்த அதிகாரி எந்த நிருபருக்கு நேரம் கொடுத்தார் என்பது ஏட்டில் பதிவாகிவிட்டால், மேலதிகாரிக்குப் பிடிக்காத உண்மையை எந்த அதிகாரி வாய் திறந்து சொல்வார்?

நேரு பிரதமராக இருந்தபோது பத்திரிகைக்காரர்களைக் கூட்டமாகச் சந்திப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார். மிகவும் அடக்கமாகப் பேசுகிறவர் என்று பரிகசிக்கப்பட்ட மன்மோகன் சிங்கும் 2014 ஜனவரி 3-ஆம் தேதி நிருபர்கள் முன் உட்கார்ந்து, தமக்குச் சங்கடமான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். நரேந்திர மோடி 2014-இல் பிரதமரான பிறகு அப்படியொரு பொதுச் சந்திப்பை இந்தியாவில் தனியாக நடத்தியதில்லை. 2019 மே மாதம் கட்சிக் காரியாலயத்தில் நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். கேள்விகளுக்குக் கட்சித் தலைவர் பதில் சொல்வார் என்று விட்டுவிட்டார். தாம் விரும்பிய சிலருக்குப் பேட்டி கொடுக்கிறார். வானொலியில் மாதந்தோறும் பேசுகிறார். பேசுவது வேறு, பதில் சொல்வது வேறு. வீட்டுக்காரர் மாடியில் நின்றுகொண்டு பிரசங்கம் செய்தால், கதவைத் தட்டியவனுக்குப் பதில் சொன்னதாகுமா?

பத்திரிகைக்காரன் போனால் போகட்டும், நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய அங்கத்தினர்கள் கேட்க மாட்டார்களா என்று தோன்றலாம். அந்த வாசலையும் பார்ப்போம். 2018 மார்ச்சில், கூச்சலுக்கு நடுவே, எல்லா இலாகாக்களின் மானியக் கோரிக்கைகளும் விவாதமின்றி லோக்சபையில் நிறைவேறின. 2023 மார்ச் 23-ஆம் தேதி மறுபடியும் அதே கதை. 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு விவாதமே இல்லாமல் சில நிமிஷங்களில் நிறைவேறிற்று. இதற்கு நாடாளுமன்ற பாஷையில் 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் தலைகளை வெட்டிய இயந்திரத்தின் பெயர்! சபை நடக்காததற்கு ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைக் குற்றம் சொன்னது. எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைக் குற்றம் சொன்னது. யார் கூச்சல் போட்டால் என்ன? வெட்டுப்பட்டது நம்முடைய கேள்வி.

ஒரு பழைய விஷயத்தை நினைவூட்டுகிறேன். 1957 டிசம்பரில், அப்போதுதான் தேசியமயமாகியிருந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது ஏன் என்று லோக்சபையில் ஒருவர் எழுந்து கேட்டார். கேட்டவர் எதிர்க்கட்சிக்காரரல்ல, ஆளுங்கட்சி அங்கத்தினர், அதிலும் பிரதமரின் சொந்த மருமகன் பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா ஊரறியப் பகிரங்கமாக விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மாமனாரின் மந்திரிசபையை மருமகன் கேள்வி கேட்டு ஒரு மந்திரியை இறக்கிய தேசம் இது. அன்று ஒன்றேகால் கோடிக்கு இருந்த மரியாதை, பிற்பாடு 45 லட்சம் கோடிக்கு இல்லாமல் போயிற்று.

இதில் நம் குற்றமும் இருக்கிறது. நம் என்றால், இந்தக் கட்டுரையை எழுதும் நானும் படிக்கும் நீங்களும்தான். பட்ஜெட் அன்று நாம் என்ன பார்க்கிறோம்? வருமான வரி எவ்வளவு குறைந்தது, தங்கம் ஏறுமா, கார் இறங்குமா! 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்று கேட்டதும் நம் வீடுகளில் பாயசம் வைக்காத குறைதான். அதே பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6,81,210 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் சுமார் 1,60,000 கோடி பென்ஷனுக்கே போயிற்று என்பதைக் கவனித்தவர் நம்மில் எத்தனை பேர்? கவனித்திருந்தால் கடைக்காரரின் கேள்விக்கு நானும் அன்றே ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அவர் பிள்ளையின் நாலு வருஷம் எங்கிருந்து வந்தது? 2022 ஜூன் 14-ஆம் தேதி டில்லியில், அக்னிபத் என்ற திட்டத்தை அறிவித்தார்கள். பதினேழரை வயதுப் பையனைச் சேர்த்துக்கொள்வது. நான்கு ஆண்டு வேலை வாங்குவது. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக வைத்துக்கொள்வது. மற்றவர்களை, அவர்கள் சம்பளத்தில் பிடித்ததும் சர்க்கார் போட்டதும் சேர்ந்த சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயோடு அனுப்பிவிடுவது. பென்ஷன் கிடையாது. ராணுவத்தை இளமையாக வைத்திருக்க இது தேவை என்றார்கள். பென்ஷன் பாரம் பட்ஜெட்டை அழுத்துகிறது என்பதும் பொய்யல்ல. நியாயம் அவர்கள் பக்கம் இருக்கலாம். அந்த நியாயத்தை நாட்டின் முன்னால் வைத்து, கேள்விக்குப் பதில் சொல்லி, அதன் பிறகு முடிவு செய்திருக்கலாமே? நாடாளுமன்றம் கூடியிராத மாதத்தில், முடிந்துபோன முடிவாக அறிவித்தார்கள். பீகாரில் ரயில்கள் எரிந்தன. தீ வைத்தது தப்புதான். ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஆள்சேர்ப்பு நின்றுபோய், ஓடிஓடிக் காத்திருந்த பிள்ளைகளுக்குக் கேட்க ஒரு வாசல் திறந்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் தண்டவாளத்துக்குப் போயிருப்பார்கள்?

வட ஆற்காட்டுச் சீமைக்காரனுக்கு இது வெறும் புள்ளிவிவரமல்ல. பக்கத்து வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர். மழை பொய்த்தாலும் மணியார்டர் பொய்க்காது என்று வாழ்ந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ. பென்ஷன் என்பது டில்லிக்கு ஒரு பாரம். இங்கே அது கிழவியின் மருந்து, பேத்தியின் பள்ளிக்கூடச் சம்பளம்.

ஓய்வு பெற்ற நண்பர் இந்த இடத்தில் குறுக்கிடுவார். "எல்லாம் சரி, எழுத்தாளரே! ராணுவ விஷயத்தைச் சந்தியில் வைத்துப் பேசினால் எதிரி கேட்டுக்கொண்டிருக்க மாட்டானா?" என்பார்.

கேட்பான். 2008-இல் பம்பாயைப் பயங்கரவாதிகள் தாக்கியபோது, நம் தொலைக்காட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு காட்டிய நேரடிக் காட்சிகளைச் சுப்ரீம் கோர்ட்டே பிற்பாடு கண்டித்தது. துருப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ரகசியம். அதைக் கேட்கிறவன் முட்டாள், சொல்கிறவன் துரோகி. ஆனால் துருப்புக்குச் சரியான உடுப்பு போயிற்றா, பணம் எங்கே போயிற்று, தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்பவை ரகசியமல்ல. இரண்டையும் பிரிக்க முடியாதென்று சொல்லாதீர்கள். 1999 கார்கில் யுத்தம் முடிந்ததும் வாஜ்பாய் சர்க்கார், திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியத்தின் தலைமையில் ஒரு குழு போட்டது. வெளியிடக் கூடாதவற்றை மட்டும் நீக்கிவிட்டு, மற்றதை 2000-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்தில் வைத்தார்கள், புத்தகமாகவும் வந்தது. அதனால் தேசம் கவிழ்ந்துவிடவில்லை. 1962 சீன யுத்தத்தைப் பற்றி ஹெண்டர்சன் புரூக்ஸ் 1963-இல் கொடுத்த அறிக்கையோ, எத்தனையோ கட்சிகள் ஆண்டும் சர்க்காரால் வெளியிடப்படாமலே கிடக்கிறது. அந்த அறிக்கையில் இருப்பது இன்று சீனாக்காரனுக்குத் தெரியாத ரகசியமா? அது மறைக்கப்படுவது நம்மிடமிருந்துதான்.

அறிக்கையை மறைத்த அதே காலத்தில் சபை திறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1962 நவம்பரில், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே நேரு நாடாளுமன்றத்தைக் கூட்டினார். இளைஞர் வாஜ்பாய் உள்பட எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே கேட்டார்கள். பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் அதற்குள் பதவி இழந்திருந்தார். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 வீரர்கள் உயிர் விட்டார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துத் தமிழர். அந்தச் செப்டம்பரில் கூடிய சபையில், தொற்றுநோயைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள்! மந்திரி அறிக்கை வாசித்தார், விவாதம் இல்லை. நோய்க்குப் பயந்து கும்பிடு போடலாம். கேள்வியிலுமா கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும்?

டில்லியை மட்டும் ஏசிவிட்டுப் போனால் எனக்கும் கைதட்டல் கிடைக்கும். அது எனக்கு வேண்டாம். 1987-இல் ஒரு அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது நம் சென்னைச் சட்டசபை. 2003-இல் ஹிந்து பத்திரிகைக்காரர்களுக்கு 15 நாள் விதித்ததும் அதே சபை. 2025 பிப்ரவரியில் கேலிச்சித்திரத்துக்காக விகடனின் இணையத்தளத்தை அடைத்தது டில்லி. வேறொரு கட்சி கோட்டையில் இருந்த 2023-இல், எங்கள் மாவட்டத்துச் செய்யாறு பக்கத்து மேல்மாவில், நிலத்தை எடுக்காதீர்கள் என்று போராடிய ஏழு விவசாயிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகே ஆறு பேர் மீதான உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். கேள்வியைக் கண்டு கோபப்படுவதில் எங்கள் கட்சி, உங்கள் கட்சி என்கிற பேதமே கிடையாது.

பத்திரிகைக்காரனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் ஊர்க் கதைதான் சரி.

அடியும் முடியும் காண முடியாத நெருப்பாக ஈசன் நின்ற இடம் இந்த அண்ணாமலை என்பது ஐதீகம். விஷ்ணு பன்றியாகி அடியைத் தேடிப் போனார், காணவில்லை, 'காணவில்லை' என்றே வந்து சொன்னார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தார், அவரும் காணவில்லை. வழியில் மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைப் பிடித்து, 'நான் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்லு' என்றார். தாழம்பூ சொல்லிற்று. அந்த ஒரு பொய்ச் சாட்சிக்காக அது சிவபூஜையிலிருந்தே தள்ளுபடியாயிற்று. எத்தனை மணம் இருந்து என்ன?

விதியில் கையெழுத்துப் போட்டு உள்ளே உட்காருகிறவன் தாழம்பூ. நேரம் கொடுத்தால் போய், கொடுத்த காகிதத்தை வாங்கி வந்து, 'முடியைக் கண்டேன்' என்று எழுதுகிறவன் தாழம்பூ. பெரிய மனிதர்களுக்கு எப்போதும் அந்தப் பூதான் வேண்டியிருக்கிறது. 'காணவில்லை, காட்ட மறுக்கிறார்கள்' என்று எழுதுகிற பத்திரிகைக்காரன் விஷ்ணுவைப் போல் மரியாதைக்குரியவன். பென்டகனில் அட்டையைக் கழற்றி வைத்தவர்கள் அன்று அதைத்தான் செய்தார்கள்.

எங்கள் கோயில் சுவர்களில் சோழர் காலத்திலிருந்து விஜயநகரக் காலம் வரையிலான கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலில் மகாராஜாவைப் பற்றிய புகழ்ச்சி வரும். அதற்குப் பிறகு கணக்கு வரும். இன்னார் கொடுத்தது, இவ்வளவு பொன், இவ்வளவு நிலம், இன்ன விளக்குக்கு, இன்ன எல்லை என்று. யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத ராஜாக்கள் காலத்தில், புகழ்ச்சிக்குப் பக்கத்திலேயே கணக்கையும் கல்லில் வெட்டி, போகிற வருகிறவன் பார்க்கும்படி வைத்தார்கள். நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர்கள் காலத்தில் மெய்க்கீர்த்தி மட்டும் நாள்தோறும் நீண்டுகொண்டே போகிறது. கணக்கு வருகிற இடத்தில் கில்லட்டின் விழுகிறது.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த அளவில் திட்டத்தின் விவரங்களைக் கடைக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் பையனே சொன்னான் சார். நான் கேட்டது அது இல்லே. நாலு வருஷம் கழிச்சு அனுப்பிட்டா, ஏன்னு யாரைக் கேக்கறது?"

அப்போது பையன் ஓட்டம் முடிந்து வந்தான். பதினான்கு கிலோமீட்டர், வேர்வை சொட்டச் சொட்ட நின்று, அப்பன் நீட்டிய கண்ணாடித் தம்ளரை வாங்கிக்கொண்டான். நாளைக்கு எல்லைக்குப் போய் நம் எல்லோருக்காகவும் நிற்கத் தயாராயிருக்கிற பிள்ளை. அவனுக்காக ஒரு கேள்வி கேட்கிறவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்கு நாம் சம்மதிக்கிறோமா என்பதுதான் விஷயம். ஓய்வு பெற்ற நண்பர் அன்றும் பெஞ்சில் இருந்தார். பையனைப் பார்த்தார். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.